தேர்தல் பத்திரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 பிப்ரவரி 15 அன்று, ஆறு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த தேர்தல் பத்திரத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த சில வாரங்களில், யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பெற்றது என்ற பட்டியல்கள் வெளிவந்தன. டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை எங்கும் அதே பேச்சு. அப்புறம் மக்களவைத் தேர்தல் வந்தது, பேச்சு அடங்கிவிட்டது. அடங்க விடக்கூடாத விஷயம் என்பதால், நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன்.

தேர்தல் பத்திரம் என்றால் என்ன?

பார்த்தால் வங்கி டிமாண்ட் டிராஃப்ட் மாதிரி ஒரு தாள்தான். அதில் வாங்கியவர் பெயரும் இருக்காது, எந்தக் கட்சிக்கு என்றும் இருக்காது. 1,000, 10,000, 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி என ஐந்து மதிப்புகளில் அச்சிட்டார்கள். பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட 29 கிளைகளில் மட்டும் கிடைக்கும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பத்து நாள் விற்பனை நடக்கும். மக்களவைத் தேர்தல் வரும் ஆண்டில் கூடுதலாக 30 நாள்.

தனிநபரோ நிறுவனமோ வங்கியில் பணம் கட்டி இதை வாங்கி, விருப்பமான கட்சியிடம் கொடுக்க வேண்டும். கட்சி 15 நாளுக்குள் தன் கணக்கில் போட்டுப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். தவறினால் பணம் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் போய்விடும். கடைசியாக நடந்த மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் 1 சதவீத வாக்காவது பெற்ற, பதிவு செய்யப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

2018 மார்ச் முதல் 2024 ஜனவரி வரை 30 தவணைகளில் விற்றவை 16,518 கோடி ரூபாய்க்கு. மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்கள். 1,000 ரூபாய்ப் பத்திரம் சாமானியனுக்கும் இடம் இருக்கிறது என்று காட்ட இருந்தது. இதை வாங்கியவர்கள் சாமானியர்கள் அல்ல என்பதைச் சொல்ல அந்த 90 சதவீதமே போதும்.

அரசு சொன்ன காரணம் என்ன? அதில் நியாயமே இல்லையா?

காரணம் இருந்தது. கட்சிகளுக்குப் பணம் சாக்குப்பையில் போகிறது, அதை வங்கி வழியே கொண்டுவந்தால் கறுப்புப் பணம் குறையும் என்றார் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜேட்லி. 2017 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் இதை அறிவித்தார். எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று வெளியே தெரிந்தால் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்ததும் பழிவாங்கும், அதனால்தான் நன்கொடையாளர்கள் ரொக்கமாகக் கொடுக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம்.

இரண்டுமே உண்மையான பிரச்சினைகள். ஒரு தொழிலதிபர் அப்படிப் பயப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழிவாங்குவதற்கு அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரம் ஆளுங்கட்சியிடம்தான் இருக்கிறது. பெயரை ஆளுங்கட்சியிடமிருந்து மறைக்காத ஒரு திட்டம் எந்தப் பயத்தைப் போக்கியது?

பெயர் யாருக்கும் தெரியாது என்றுதானே சொன்னார்கள்?

இந்த விவகாரத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாங்குபவர் கேஒய்சி என்ற அடையாள, முகவரி விவரங்களைக் கொடுத்தால்தான் பத்திரம் கிடைக்கும். ஆக, ஸ்டேட் வங்கிக்குத் தெரியும். ஸ்டேட் வங்கி அரசு வங்கி. நீதிமன்றமோ, குற்ற வழக்குப் பதிவு செய்த விசாரணை அமைப்போ கேட்டால் அது தகவல் கொடுக்கலாம் என்று திட்டத்திலேயே இருந்தது. விசாரணை அமைப்புகள் யார் கையில் இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்சிக்கும் தெரியும், கோடிக்கணக்கில் கொடுப்பவர் கட்சியிடம் சொல்லாமலா கொடுப்பார்?

2018 ஏப்ரலில் பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் 1,000 ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கி, ஒன்றைத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். சாதாரண வெளிச்சத்தில் எதுவும் இல்லை. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது, தாளின் மேல் மூலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை தெரிந்தது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் தனித்தனி எண். அது போலிகளைத் தடுக்கும் பாதுகாப்பு அம்சம் மட்டுமே என்று அரசு விளக்கம் சொன்னது. ஆறு ஆண்டு கழித்து, யார் கொடுத்தது எந்தக் கட்சிக்குப் போனது என்று நாடு இணைத்துப் பார்த்தது அதே எண்ணை வைத்துத்தான்.

நம் ஊர்க் கல்யாணத்தில் 101 ரூபாய் மொய் வைத்தாலும் பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். பந்தியில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். இங்கேயும் மொய் நோட்டு இருந்தது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தெரியும், கணக்கு எழுதியவருக்கும் தெரியும். தெரியாதவர் வாக்காளர் ஒருவர்தான்.

சட்டம் எப்படி நிறைவேறியது? நாடாளுமன்றம் கேள்வி கேட்கவில்லையா?

2017 நிதிச் சட்டத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். அது பண மசோதா. பண மசோதாவை மாநிலங்களவை நிராகரிக்க முடியாது, அந்த அவையில் அப்போது அரசுக்குப் பெரும்பான்மையும் இல்லை. ரிசர்வ் வங்கிச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வருமான வரிச் சட்டம், கம்பெனிகள் சட்டம் எல்லாம் ஒரே மூச்சில் திருத்தப்பட்டன.

கம்பெனிகள் சட்டத் திருத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன், ஒரு நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குத் தரலாம். எந்தக் கட்சிக்கு என்று கணக்கில் காட்டவும் வேண்டும். இரண்டையும் நீக்கிவிட்டார்கள். லாபமே இல்லாத நிறுவனமும் கோடிகளைக் கொடுக்கலாம், பங்குதாரருக்குக்கூட யாருக்கென்று சொல்ல வேண்டாம் என்றாகிவிட்டது. நஷ்டத்தில் ஓடும் ஒரு கம்பெனி நன்கொடை தருகிறது என்றால் அது வேறு யாருடைய பணம் என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்கவும் வழி இல்லை.

ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் எதிர்த்தனவா?

எதிர்த்தன, எழுத்தில். பட்ஜெட்டுக்கு நான்கு நாள் முன்னால், 2017 ஜனவரி 28 சனிக்கிழமை, ரிசர்வ் வங்கியிடம் மின்னஞ்சலில் கருத்து கேட்டார்கள். திங்கட்கிழமையே பதில் வந்தது: கைமாறக்கூடிய இப்படிப்பட்ட பத்திரம் தவறான முன்னுதாரணம், பணமோசடிக்கு வழிவகுக்கும். நிதி அமைச்சகக் கோப்பில் அதற்கு எழுதிய குறிப்பு, கருத்து தாமதமாக வந்துவிட்டது, நிதி மசோதா ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்பது. நாட்டின் மத்திய வங்கிக்குக் கொடுத்த அவகாசம் ஒரு வார இறுதி.

2017 மே 26 அன்று தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதிய கடிதத்தில், வெளிப்படைத்தன்மையில் இது பின்னோக்கிய அடி என்று கூறி, திருத்தங்களை மறுபரிசீலனை செய்யக் கேட்டது. ஆனால் 2018 குளிர்காலக் கூட்டத்தொடரில் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் இதுபற்றிக் கேட்டபோது, தேர்தல் ஆணையத்திடமிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்று பதில் சொன்னார் அன்றைய நிதித்துறை இணை அமைச்சர் பொன். ராதாகிருஷ்ணன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ராவும் மற்றவர்களும் விடாமல் மனு போட்டு ஆவணங்களை வெளிக்கொண்டு வந்த பிறகுதான் அந்தப் பதில் தவறு என்று தெரிந்தது. அமைச்சகம் பிறகு ஒரு விளக்கத்தோடு நிறுத்திக்கொண்டது. அவையில் சொன்ன தவறான பதிலுக்கு எவரும் விலை கொடுக்கவில்லை.

தீர்ப்பு என்ன சொன்னது?

ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், காமன் காஸ் ஆகிய தன்னார்வ அமைப்புகளும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் காங்கிரஸைச் சேர்ந்த ஜெயா தாக்கூரும் தொடுத்த வழக்கு. 2017-இல் தொடங்கியது 2024-இல்தான் முடிந்தது. தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அறிவது வாக்காளரின் உரிமை, அது பேச்சுரிமையைத் தரும் 19(1)(அ) பிரிவுக்குள் அடங்கும் என்றது நீதிமன்றம். கறுப்புப் பணத்தைத் தடுப்பது நல்ல நோக்கமாகவே இருந்தாலும், அதற்காக இந்த உரிமையைப் பறிக்கத் தேவையில்லை, வேறு வழிகள் இருக்கின்றன. நிறுவனங்கள் வரம்பில்லாமல் கொடுக்க அனுமதித்தது சமத்துவத்துக்கு எதிரானது. பெரும் தொகை கொடுப்பவருக்கு அரசின் மேசையருகே இடம் கிடைக்கிறது, கைமாறு நடக்க வாய்ப்பு உண்டு என்பதையும் நீதிபதிகள் நேரடியாகவே எழுதினார்கள். பண மசோதாவாகக் கொண்டுவந்தது சரியா என்பதை மட்டும் இந்த அமர்வு தீர்மானிக்கவில்லை.

ஒரு குறை எனக்கு உண்டு. இடைக்காலத் தடை கேட்டு 2019-இலும் 2021-இலும் மனுதாரர்கள் நின்றார்கள், கிடைக்கவில்லை. வழக்கு நிலுவையில் இருந்தபோதே ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் இந்தப் பணத்தில் நடந்து முடிந்தன. அவற்றை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொண்டுவராது.

ஸ்டேட் வங்கி ஏன் இழுத்தடித்தது?

2019 ஏப்ரல் 12-க்குப் பிறகான விவரங்களை மார்ச் 6-க்குள் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கச் சொல்லியிருந்தது நீதிமன்றம். மார்ச் 4 அன்று வங்கி, ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதாவது தேர்தல் முடிந்த பிறகு. வாங்கியவர் விவரம் ஒரு இடத்தில், பணமாக்கிய கட்சியின் விவரம் வேறொரு இடத்தில், சீலிட்ட உறைகளில் மும்பை முதன்மைக் கிளையில் இருக்கிறது, 44,434 தகவல் தொகுப்புகளை ஒப்பிட வேண்டும் என்றது.

கடந்த 26 நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்ட நீதிபதிகள், மார்ச் 12-க்குள் கொடுக்கச் சொன்னார்கள். ஒரே நாளில் கொடுத்தார்கள். நாட்டின் மிகப் பெரிய வங்கி, நான்கு மாதம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்ன வேலை அது.

மார்ச் 14 இரவு ஆணையத்தின் தளத்தில் வந்தது இரண்டு பட்டியல்கள். வாங்கியவர்கள் 337 பக்கம், கட்சிகள் 426 பக்கம். அன்றிரவு நானும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி, பெயர், தொகை. அதே பெயர், அதே 1,00,00,000, வரிக்கு வரி, திரையைத் தள்ளத் தள்ள முடியாமல் வந்துகொண்டே இருந்தது. ஆனால் இரண்டு பட்டியலையும் இணைக்கும் எண் மட்டும் இல்லை. மறுபடி நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகு, மார்ச் 21 அன்றுதான் எண்களோடு முழு விவரமும் வந்தது.

யார் எவ்வளவு வாங்கினார்கள்?

2019 ஏப்ரல் 12 முதலான கணக்கில் பாஜக 6,060 கோடி ரூபாய்க்கு மேல். திரிணாமூல் காங்கிரஸ் 1,609 கோடி, காங்கிரஸ் 1,421 கோடி, பாரத் ராஷ்டிர சமிதி 1,214 கோடி, பிஜு ஜனதா தளம் 775 கோடி, திமுக 639 கோடி. மத்தியில் ஆளும் கட்சிக்கு மட்டுமல்ல, மாநிலத்தில் ஆட்சியில் இருந்தவர்களுக்கும் நிறையப் போயிருக்கிறது. பணம் அதிகாரத்தைத் தேடிப் போயிருக்கிறது. மார்க்சிஸ்ட், இந்திய கம்யூனிஸ்ட் கட்சிகள் கொள்கையளவில் மறுத்து, ஒரு பத்திரமும் வாங்கவில்லை.

அதிகம் கொடுத்தவர் நம் ஊர்க்காரராமே?

ஆமாம். முதலிடம் கோவையைத் தளமாகக் கொண்ட லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனத்துக்கு, 1,368 கோடி ரூபாய். திரிணாமூலுக்கு 500 கோடிக்கு மேல். திமுக தன் கணக்கில் காட்டிய மொத்தம் 656.5 கோடியில் 509 கோடி இந்த ஒரு நிறுவனத்திடமிருந்து. பாஜகவுக்கும் 100 கோடி. அமலாக்கத்துறை நடவடிக்கைக்கு உள்ளாகியிருந்த நிறுவனம் இது.

திமுகவைப் பற்றி இரண்டையும் சொல்ல வேண்டும். யார் கொடுத்தார்கள் என்று ஆணையத்திடம் பெயர்களைச் சொன்ன மிகச் சில கட்சிகளில் அதுவும் ஒன்று, அது பாராட்டத்தக்கது. அதே சமயம், 2003-இலேயே லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்ட மாநிலத்தில் 2021-இல் ஆட்சிக்கு வந்த கட்சி, தன் பத்திரப் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஒரு லாட்டரி நிறுவனத்திடம் பெற்றது ஏன் என்று வாக்காளர் கேட்பதும் நியாயம். கூலி வாங்கிய கையோடு சீட்டு வாங்கி வெறுங்கையோடு வீடு திரும்பிய அப்பாக்களை இந்த மாநிலம் நிறையப் பார்த்திருக்கிறது.

இரண்டாமிடம் ஹைதராபாத்தின் மேகா எஞ்சினியரிங், 966 கோடி. சோஜிலா சுரங்கப்பாதை போன்ற பெரிய அரசு ஒப்பந்தங்கள் செய்யும் நிறுவனம்.

மற்ற கட்சிகள் என்ன சொன்னன?

ஐக்கிய ஜனதா தளம் ஆணையத்துக்கு எழுதியதைப் படித்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 3 அன்று பாட்னா அலுவலகத்துக்கு யாரோ வந்து சீலிட்ட உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். திறந்தால் தலா 1 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் பத்து. திரிணாமூல், அலுவலகப் பெட்டியில் யார் யாரோ போட்டுவிட்டுப் போனார்கள் என்றது. முகம் தெரியாத ஒருவர் 10 கோடி ரூபாயை வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போனதாக ஒரு கட்சி எழுத்துபூர்வமாகச் சொல்கிறது, நாமும் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

பணம் கொடுத்ததால் காரியம் நடந்தது என்று நிரூபணம் ஆகியிருக்கிறதா?

இல்லை. இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். எந்த நீதிமன்றமும் குறிப்பிட்ட ஒரு நன்கொடையை லஞ்சம் என்று தீர்ப்பளிக்கவில்லை.

ஆனால் தேதிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அரபிந்தோ பார்மாவின் இயக்குநர் ஒருவர் டெல்லி மதுபான வழக்கில் 2022 நவம்பர் 10 அன்று கைதானார். ஐந்து நாள் கழித்து அந்த நிறுவனம் 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. அது பாஜகவுக்குப் போனது. 2023 மே மாதம் அவருக்கு ஜாமீன் கிடைத்தது, ஜூனில் அப்ரூவர் ஆனார், அதாவது அரசுத் தரப்பு சாட்சியாக மாறினார், நவம்பரில் நிறுவனம் மேலும் 25 கோடிக்கு வாங்கி அதுவும் பாஜகவுக்கே போனது. இந்த நிறுவனம் வேறு கட்சிகளுக்கும் கொடுத்திருக்கிறது. தேதிகள் அடுத்தடுத்து வருவதால் மட்டும் குற்றம் ஆகிவிடாது. விசாரிக்க வேண்டிய காரணம் ஆகும்.

விசாரணை நடக்கவில்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சந்தேகம் உள்ளவர்கள் வழக்கமான சட்ட வழியில் போகலாம் என்றது. வழக்கமான வழி என்றால் காவல் துறை, சிபிஐ, அமலாக்கத்துறை. அவை பெரும்பாலும் பணம் வாங்கிய கட்சிகளின் அரசுகளுக்குக் கீழே இயங்குபவை.

இதை ‘லாபி’ என்று சொல்லலாமா? அது சட்டபூர்வமானதுதானே?

தன் தொழிலுக்கு வேண்டியதை அரசிடம் கேட்பது தப்பில்லை. விவசாயிகள் சங்கமும் கேட்கிறது, மென்பொருள் நிறுவனங்களும் கேட்கின்றன. அமெரிக்காவில் 1995 சட்டத்தின்படி லாபி செய்பவர் பதிவு செய்து, யாருக்காக, எந்த மசோதா பற்றி, எவ்வளவு செலவு என்று தெரிவிக்க வேண்டும். அதனால் அங்கே ஊழல் ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் தாளில் ஒரு தடம் இருக்கிறது. 2012-இல் இந்தியச் சில்லறை வணிகத்தில் நுழைவது தொடர்பாகவும் லாபி செய்ததாக வால்மார்ட் அமெரிக்காவில் தாக்கல் செய்த கணக்கில் இருந்ததால்தான் நம் நாடாளுமன்றத்தில் அமளி எழுந்தது. நம் நாட்டு முடிவு பற்றிய தகவல், அவர்கள் ஊர்ச் சட்டத்தால் நமக்குக் கிடைத்தது! இந்தியாவில் லாபியைப் பதிவு செய்யும் சட்டம் இன்றுவரை இல்லை.

யாராவது பொறுப்பேற்றார்களா?

இல்லை. 1957-58 முந்த்ரா விவகாரத்தை நினைத்துப் பார்க்கிறேன். எல்ஐசி பணம் சுமார் 1.25 கோடி ரூபாயை ஒரு தனி வணிகரின் நிறுவனப் பங்குகளில் போட்டதை, ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஃபெரோஸ் காந்தியே நாடாளுமன்றத்தில் எழுப்பினார். நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, சில வாரங்களில் முடித்தார். நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஃபெரோஸ் காந்தியின் நாடாளுமன்ற உரைக்கும் பதவி விலகலுக்கும் இடையில் சுமார் இரண்டு மாதம்தான். நிறுவனங்கள் கட்சிகளுக்குப் பணம் தருவது ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் 1957-லேயே எச்சரித்தவரும் இதே சாக்ளாதான்.

தேர்தல் பத்திரத் திட்டமே அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று ஐந்து நீதிபதிகள் சொன்ன பிறகும் ஒரு அமைச்சரோ, ஒரு அதிகாரியோ, ஒரு வங்கித் தலைவரோ நாற்காலியை விட்டு எழவில்லை.

வாங்கிய பணத்தைக் கட்சிகள் திருப்பித் தர வேண்டுமா?

வேண்டியதில்லை. பறிமுதல் செய்யக் கேட்ட கோரிக்கையும் அதே ஆகஸ்ட் 2-இல் நிராகரிக்கப்பட்டது. பணமாக்கப்படாத பத்திரங்களை மட்டும் வாங்கியவரிடம் திருப்பித் தரச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது நிலைமை எப்படி?

7.5 சதவீத வரம்பு திரும்பிவிட்டது. நிறுவனங்களிடம் பணம் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், 2013 முதல் இருக்கும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகவும் காசோலையாகவும் பெரிய பணம் போகிறது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர் பெயரைக் கட்சிகள் ஆணையத்திடம் தர வேண்டும். ஆனால் அறக்கட்டளைக்குள் பல நிறுவனங்களின் பணம் ஒன்றாகக் கலந்துவிடுவதால், எந்த நிறுவனத்தின் பணம் எந்தக் கட்சிக்கு என்று பிரிப்பது கஷ்டம். வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது.

நான் எங்கே பார்க்கலாம்?

பத்திரப் பட்டியல்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இருக்கின்றன. கட்சிகள் ஆண்டுதோறும் கொடுக்கும் படிவம் 24ஏ என்ற நன்கொடை அறிக்கையும் அங்கேதான். உங்கள் மாவட்டத்தில் சாலை போட்ட, குவாரி எடுத்த, மருந்து சப்ளை செய்த நிறுவனத்தின் பெயரை அதில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் ஒப்பந்தம் கொடுத்த தேதியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: அந்த அறிக்கை நிதியாண்டு முடிந்து பல மாதம் கழித்துத்தான் வரும். ஏப்ரல், மே மாதத் தேர்தலுக்குக் கொடுத்த பணம் யாருடையது என்று, இன்றைய விதிப்படி, ஓட்டுப் போட்டு ஓராண்டுக்கும் மேல் கழித்துத்தான் நமக்குத் தெரியவரும்.